ஊர் திரும்பும் மூர்த்திகள்

டில்லி மாநகரின் தென்பகுதியில், முன்பு வினய நகர் என்று வழங்கிப் பின்னர் கவியரசி சரோஜினி தேவியாரின் நினைவாகச் சரோஜினி நகர் என்று பெயர் பெற்ற குடியிருப்பில், சர்க்கார் உத்தியோகத்தின் பொருட்டுக் காவிரிக்கரையையும் தாமிரபரணிக்கரையையும் விட்டு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், இருப்பதற்கு ஓர் அரசாங்க வீடும் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடமும் அமைந்த பிறகு, அடுத்தபடியாகத் தேடிக்கொண்டது வழிபடுவதற்கு ஒரு பிள்ளையாரை. அந்தப் பிள்ளையார் கோயிலில் இன்றும் நம் ஊர் முறைப்படியே அபிஷேக ஆராதனைகள் நடக்கின்றன. அங்கிருந்து சற்றுத் தொலைவில், ராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல், 1973ஆம் ஆண்டு கும்பாபிஷேகம் கண்ட சுவாமிநாதன் சந்நிதி இருக்கிறது. பிழைப்பைத் தேடி வடக்கே வந்தவர்கள் தங்கள் தெய்வத்தையும் உடன் அழைத்து வந்து குடியமர்த்திய வரலாறு இது. மனத்துக்கு நிறைவளிக்கும் வரலாறு.

ஆனால் இதே டில்லியில், எவரும் அன்போடு அழைத்து வராமல், களவு போய்க் கடல் கடந்து, அந்நிய தேசத்துக் கூடங்களில் நின்றிருந்து, பிறகு வழக்கினாலும் ராஜாங்கப் பேச்சுவார்த்தையினாலும் மீட்கப்பட்டு, சொந்த ஊர் போய்ச் சேரும் நாளை எதிர்நோக்கித் தங்கும் தெய்வங்களும் உண்டு. யமுனைக்கு அருகிலுள்ள புராணா கிலா என்னும் பழைய கோட்டையில் இந்தியத் தொல்லியல் துறையின் மத்தியப் பழம்பொருள் சேமிப்பு இருக்கிறது. அங்கேயே, கோட்டை மதிலை ஒட்டிய வளைவறைகளில், பறிமுதல் செய்யப்பட்டவையும் மீட்கப்பட்டவையுமான பழம்பொருள்களுக்கென்று 2019ஆம் ஆண்டு ஒரு காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. டில்லிக்கு வரும் தமிழர்கள் குதுப்மினாரையும் செங்கோட்டையையும் பார்த்துவிட்டுச் சரோஜினி நகர்க் கடைத்தெருவில் துணிமணிகள் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். அவர்கள் ஒரு நாழிகையேனும் இந்தக் கூடத்துக்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

கொள்ளை போன சமயக் கலைச்செல்வங்களைத் திரும்ப அளித்தல் என்றவுடன், உலகத்தார் பலருக்கும் நினைவுக்கு வருவது இரண்டாவது உலக மகாயுத்தத்தின் முடிவுதான். பெல்ஜியம் தேசத்துக் கெண்ட் நகரத்தின் தேவாலயத்தில், வான் ஐக் சகோதரர்கள் தீட்டி 1432ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற பலிபீடச் சித்திரத் தொகுதியை, பாதுகாப்புக்காகப் பிரான்சுக்கு அனுப்பியிருந்த இடத்திலிருந்து நாஜிகள் கவர்ந்து சென்று, கடைசியில் ஆஸ்திரியாவிலுள்ள ஆல்டவுஸே உப்புச் சுரங்கத்துக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். 1945ஆம் ஆண்டு அமெரிக்கப் படையினர் அச்சுரங்கத்தை அடைந்தபோது, அங்கே ஆயிரக்கணக்கான ஓவியங்களும் சிற்பங்களும் குவிந்து கிடந்தன. கலைப்பொருள்களைக் காப்பதற்கென்றே சேனையோடு சென்ற அறிஞர்கள் அவற்றைக் கணக்கெடுத்து, உரியவர்களுக்கு அனுப்பும் பணியில் பல ஆண்டுகள் ஈடுபட்டார்கள். கெண்ட் சித்திரத் தொகுதி அவ்வாண்டு ஆகஸ்டு மாதமே பெல்ஜியத்துக்குத் திரும்பிற்று. பிறகு அது செப்பனிடவும் பட்டது. யுத்த காலத்தில் கலாசாரச் செல்வங்களைக் காப்பதற்காக 1954இல் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கையும், களவுப் பொருள்களின் வர்த்தகத்தைத் தடுக்க 1970இல் யுனெஸ்கோ வகுத்த உடன்படிக்கையும், அந்த அனுபவத்தின் அடிப்படையில் எழுந்தவை என்று சொல்லலாம்.

இவையெல்லாம் ஐரோப்பா நமக்குப் போதித்த பாடம் என்று எண்ணிவிட வேண்டாம். யுத்தத்தினால் இடம்பெயர்ந்த மூர்த்தியை யுத்தம் ஓய்ந்தபின் மீட்டுக் கொணர்ந்து, இன்னார்தாம் என்று நிச்சயித்து, மறுபடியும் பிரதிஷ்டை செய்வது தமிழ்நாட்டில் அறுநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழக்கம்.

ஸ்ரீரங்கத்தை எடுத்துக்கொள்வோம். 1323ஆம் ஆண்டு, பின்னாளில் முகம்மது பின் துக்ளக் என்று பெயர் பெறவிருந்த உலூக்கானின் டில்லிச் சேனை தெற்கே வந்தபோது, அரங்கநாதரின் உத்ஸவ மூர்த்தியாகிய அழகிய மணவாளனை எடுத்துக்கொண்டு, முதிர்ந்த வயதினரான பிள்ளைலோகாசாரியர் தலைமையில் ஒரு சிறு கூட்டத்தார் புறப்பட்டார்கள். மதுரைக்கு அருகிலுள்ள ஜோதிஷ்குடியில் ஆசாரியர் பரமபதித்தார். மூர்த்தியின் பிரயாணம் நிற்கவில்லை. மலையாள தேசம் சென்று, மைசூர்ப் பிரதேசத்துத் திருநாராயணபுரம் சென்று, திருமலை சென்று, எங்கெல்லாம் அடைக்கலம் கிடைத்ததோ அங்கெல்லாம் தங்கியது. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பிறகு, விஜயநகரத்துக் குமார கம்பணரின் அதிகாரியான கோபணாரியர் அதனைச் செஞ்சிக்கு வரவழைத்து வைத்திருந்து, மதுரைச் சுல்தானியத்தின் வலிமை ஒடுங்கிய பின்னர், 1371ஆம் ஆண்டு ஸ்ரீரங்கத்தில் மீண்டும் எழுந்தருளப் பண்ணினார். சக வருஷம் 1293 என்று காலம் குறித்து, இந்நிகழ்ச்சியைச் சொல்லும் வடமொழிச் சாசனம் அக்கோயிலில் உள்ளது.

மீட்டுக் கொணர்ந்ததோடு காரியம் முடியவில்லை. அங்கேதான் விஷயத்தின் சுவையே இருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் ஸ்ரீரங்கத்தில் வேறொரு திருமேனியை வைத்து வழிபாடு நடந்து வந்திருந்தது. வந்தவர் பழைய மூர்த்திதாமா என்று யார் சாட்சி சொல்வது? அன்று பார்த்தவர்கள் அநேகமாக மறைந்துவிட்டார்கள். கோயில் பரியட்டங்களை வெளுத்து வந்த, கண்பார்வை இழந்த, மிக முதியவரான ஈரங்கொல்லி ஒருவர் எஞ்சியிருந்தார் என்றும், இரு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்வித்து, ஈரவாடையைப் பிழிந்த தீர்த்தத்தை அவருக்குக் கொடுக்க, அதைச் சுவைத்த மாத்திரத்தில் இவரே நம் பெருமாள் என்று அவர் அறிவித்தார் என்றும் ஐதிகம் கூறுகிறது. நம்பெருமாள் என்ற திருநாமம் அதனால் நிலைத்தது. இது ஐதிகமே என்றாலும் அதில் ஆழ்ந்த உண்மை ஒன்று இருக்கிறது. பட்டரும் அரசரும் அறிய முடியாததை, தினமும் அந்தத் துணியைத் தொட்டுப் பழகியவர் அறிந்தார். ஒரு தெய்வத் திருமேனிக்கு முதற்சாட்சி, அதனோடு வாழ்ந்த ஊரே.

மேல்கோட்டைச் செல்வப்பிள்ளையைத் தேடி ராமாநுஜரே டில்லிக்கு வந்தார், சுல்தானுடைய அரண்மனையில் அவர் மகளின் அன்புக்குப் பாத்திரமாயிருந்த மூர்த்தியை அழைத்துக்கொண்டு போனார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. ராமாநுஜர் காலத்தில் டில்லியில் சுல்தான்கள் இல்லை. அவர்கள் ஆட்சி 1206இல்தான் தொடங்குகிறது. ஆகையால் சரித்திர ஆசிரியர் அதை ஏற்க மாட்டார். ஆயினும், போன மூர்த்தியைக் கேட்டுப் பெறுவதற்காக வயது முதிர்ந்த காலத்திலும் டில்லிவரை நடக்க வேண்டும் என்ற எண்ணம் பக்தர்கள் நெஞ்சில் எவ்வளவு ஊன்றியிருந்தால் அத்தகைய கதை பிறந்திருக்கும்!

காஞ்சி வரதராஜருக்கும் இவ்விதமே நேர்ந்தது. முகலாயச் சேனைக்கு அஞ்சி 1688ஆம் ஆண்டு உடையார்பாளையம் காட்டுப்பகுதிக்கு எடுத்துச் செல்லப்பட்ட அம்மூர்த்தியை, ஆபத்து நீங்கிய பிறகும் அனுப்ப அவ்வூர்ப் பாளையக்காரருக்கு மனம் வரவில்லை. ஆத்தான் ஜீயரின் வேண்டுகோளின்படி லாலா தோடர்மல் என்ற அதிகாரி படையுடன் சென்று 1710இல் அவரைக் காஞ்சிக்குத் திரும்ப அழைத்து வந்தார். அதைச் சொல்லும் சாசனமும் தோடர்மல் குடும்பத்தாரின் உருவங்களும் கோயிலில் இருக்கின்றன. உடையார்பாளையம் உத்ஸவம் என்ற பெயரில் அவ்வருகையை இன்றும் கொண்டாடுகிறார்கள். அதே காஞ்சியிலிருந்து புறப்பட்ட பங்காரு காமாட்சியோ தஞ்சையிலேயே தங்கிவிட்டாள். அவளைப் பூஜித்து வந்த குடும்பத்தில்தான் சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவராகிய சியாமா சாஸ்திரிகள் தோன்றினார். எடுத்துச் செல்ல இயலாத இடங்களில் மூர்த்திகளைப் பூமிக்குள் புதைத்தார்கள். போர்த்துக்கீசியர் இடித்த திருக்கோணமலைக் கோயிலின் செப்புத் திருமேனிகள் சில, 1950இல் கிணறு தோண்டும்போது வெளிப்பட்டு, மீண்டும் எழுந்த ஆலயத்தில் இடம்பெற்றன. சீகாழிச் சட்டைநாதர் கோயிலில் 2023ஆம் ஆண்டு மண்ணுக்குள்ளிருந்து செப்புத் திருமேனிகளோடு தேவாரம் பொறித்த நூற்றுக்கணக்கான செப்பேடுகளும் கிடைத்த செய்தியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

படையெடுப்பைத் தாங்கி நின்ற அத்தெய்வங்கள், படையெடுப்பே இல்லாத சுதந்திர பாரதத்தில் களவு போயின என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது. கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1951இல் மண்ணிலிருந்து கிடைத்த நடராஜரை, பழுது பார்ப்பதற்கென்று வாங்கிச் சென்றவர்கள், போலி ஒன்றைச் செய்து கோயிலில் வைத்துவிட்டு மூலத்தை விற்றுவிட்டார்கள். ஊரார் போலிக்கே கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். கோயிலில் இருப்பது அசல் அன்று என்பதைப் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் என்ற அறிஞர் 1965இல் வெளியிட்ட தம் நூலில் எழுதிய பிறகுதான் விஷயம் அம்பலமாயிற்று. மூர்த்தியோ கைமாறிக் கைமாறி, கலிபோர்னியாவின் நார்ட்டன் சைமன் என்ற செல்வரிடம் போய்ச் சேர்ந்தது. வழக்கு நடந்து, பத்து ஆண்டுகள் அவரிடம் இருந்தபின் திருப்பித் தருவதென்று 1976இல் சமாதானம் ஏற்பட்டது. 1986இல் நடராஜர் திரும்பினார்.

திருவாரூர்ப் பக்கத்துப் பத்தூர் நடராஜரின் கதை இன்னும் அதிசயமானது. 1976இல், இடிந்துபோன விசுவநாதசுவாமி கோயிலுக்கு அருகே மண் தோண்டிய கூலிக்காரர் ஒருவரின் மண்வெட்டியில் தட்டுப்பட்டு, அற்ப விலைக்குக் கைமாறி, கனடா நாட்டுக் கம்பெனி ஒன்றினால் 1982இல் இரண்டரை லட்சம் பவுனுக்கு வாங்கப்பட்டு, சுத்தம் செய்வதற்காக லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தபோது அது போலீஸாரால் கைப்பற்றப்பட்டது. லண்டன் நீதிமன்றத்தில், மூர்த்தியின் உரிமையைக் கோரியவர்களுள், கூரையிழந்து கிடந்த அந்தக் கோயிலும் அதன் சிவலிங்கமும் அடங்கும். நம் சட்டத்தின்படி கோயிலும் அதன் தெய்வமும் சொத்துக்கு உரிமை கொண்டாடத்தக்க நபர்கள் என்பதை ஆங்கில நீதிபதி கேட்டு, ஆராய்ந்து, 1988இல் கோயிலின் பக்கமே தீர்ப்பளித்தார். 1991இல் அப்பீலிலும் அது உறுதியாயிற்று. தமிழ்நாடு தொல்பொருள் துறையின் முதல் இயக்குநரான இரா. நாகசாமி அவர்கள் அங்கே சென்று சாட்சியம் அளித்தார். சிற்ப அமைதியோடு, மூர்த்தியின்மேல் ஒட்டியிருந்த மண்ணையும் கறையான் தடத்தையும்கூட நீதிமன்றம் ஆராய்ந்தது. ஆறு நூற்றாண்டுக்கு முன் ஸ்ரீரங்கத்து ஈரங்கொல்லி செய்த காரியத்தை இம்முறை மண்ணும் கறையானும் செய்தன.

இத்தகைய நிச்சயம் சாத்தியமாவதற்கு நம் ஸ்தபதிகளின் தொழில்முறையும் ஒரு காரணம். சுவாமிமலையில் இன்றும் காணலாம்: மெழுகினால் உருவத்தைச் செய்து, அதன்மேல் வண்டல் மண்ணைப் பூசிக் கருவாக்கி, உலர்த்திச் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும், அந்த வெற்றிடத்தில் பஞ்சலோகத்தை வார்த்து, ஆறியபின் கருவை உடைத்து மூர்த்தியை வெளியே எடுப்பார்கள். கரு உடைந்து போவதால் அச்சாக மற்றொன்றை வார்க்க இயலாது. ஒவ்வொரு மூர்த்தியும் தனி. அதன் திருவாசியின் ஒரு சுடர் ஒடிந்திருப்பதும், ஒரு விரல் சற்றே வளைந்திருப்பதும் அதற்கு மட்டும் உரியவை. ஆகையினால், களவுக்கு முன் எடுத்த புகைப்படம் ஒன்று இருந்துவிட்டால் போதும், எந்தத் தேசத்து நீதிபதியும் மறுக்க முடியாது.

அப்படிப்பட்ட புகைப்படங்களை எடுத்து வைத்த பெருமை புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தது. 1956ஆம் ஆண்டு முதல் அந்நிறுவனத்தார் குக்கிராமக் கோயில்களுக்கெல்லாம் சென்று, லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்து வைத்தார்கள். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் பிருகதீசுவரர் கோயில் நடராஜரை, ஆஸ்திரேலியாவின் கான்பெரா தேசியக் கலைக்கூடம் 2008இல் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடமிருந்து 51 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தது. பூஜை நின்று, கதவு பூட்டியே கிடந்த அக்கோயிலிலிருந்து மூர்த்திகள் போய்விட்டதை ஊரார் அறிந்ததே வெகுநாள் கழித்துத்தான். அந்தப் பழைய படங்களும், தன்னார்வமாக உழைத்த ஆர்வலர்களின் ஒப்பீடுகளும் உண்மையை வெளிக்கொணர, 2014ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட், டில்லியில் நம் பிரதமரிடம் அந்நடராஜரை ஒப்படைத்தார். விருத்தாசலம் கோயிலின் கல் அர்த்தநாரீசுவரரும் உடன் திரும்பினார். 2011இல் ஜெர்மனியில் கைதான கபூருக்கு, கும்பகோணம் நீதிமன்றம் 2022இல் பத்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

1976 முதல் 2013 வரை அந்நிய நாடுகளிலிருந்து திரும்பிய இந்தியப் பழம்பொருள்கள் பதின்மூன்றே என்று அரசாங்கக் கணக்கு சொல்கிறது. அதற்குப் பின் வந்தவை நூற்றுக்கணக்கானவை. அவை முதலில் இறங்கும் இடம் டில்லி. 2022 ஜூன் 1ஆம் தேதி, அத்தாளநல்லூர்த் துவாரபாலகரும் சாயாவனத்துக் குழந்தைச் சம்பந்தரும் உள்ளிட்ட பத்து மூர்த்திகள் தமிழக அரசிடம் ஒப்படைக்கப்பட்டதும் டில்லியில்தான்.

திரும்பிய மூர்த்தியைச் செப்பனிடுவதில் இரண்டு சாஸ்திரங்கள் எதிர்ப்படுகின்றன. மண்ணிலுள்ள உப்புச் செப்போடு கூடி, பச்சைப் பொடியாக உதிரும் களிம்பாகி உலோகத்தை அரித்துக்கொண்டே போகும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் எஸ். பரமசிவன் என்ற இரசாயன அறிஞர், 1930களிலேயே மின்சாரத்தின் துணையால் அக்களிம்பைப் போக்கி எத்தனையோ திருமேனிகளின் முகத்தை மறுபடியும் தெரியச் செய்தார். அவ்வித அறிஞர் கருத்தில், சுத்தம் செய்த உலோகத்தை ஈரமும் எண்ணெயும் அணுகாமல், உலர்ந்த காற்றில் வைக்க வேண்டும். ஆகமமோ வேறு சொல்கிறது. சிறு அவயவம் பின்னமானால் ஸ்தபதியைக் கொண்டு சரிசெய்து, பிராயச்சித்தம் செய்து, ஜலாதிவாசமும் தான்யாதிவாசமும் செய்வித்து, கண் திறந்து, கும்ப ஜலத்தினால் அபிஷேகம் செய்த பின்னரே மூர்த்தி மூர்த்தியாகும். அதன்பின் பாலும் எண்ணெய்க்காப்பும் நித்தியம் வேண்டும். இரண்டும் கேட்கத்தக்கவையே. ஆயினும், வழிபடப்படுவதற்காக வார்த்த ஒன்றை எக்காலமும் கண்ணாடிக்குள் நிறுத்திக் காப்பதைப் பூரணமான மீட்பு என்று என் மனம் ஏற்கவில்லை. இரசாயன அறிஞர் களிம்பை நிறுத்தட்டும். பிறகு அர்ச்சகர் கையில் ஒப்படைக்கட்டும். பூமிக்குள் போவதற்கு முன் எத்தனையோ நூற்றாண்டுகள் அபிஷேகம் கண்டு நின்றவையல்லவா அவை?

இங்கேதான் நம் குறை இருக்கிறது. அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்துவிட்ட மூர்த்திகளுள் பல, ஊருக்குப் போகாமல் அரசாங்கத்தின் திருமேனிப் பாதுகாப்பு மையங்களிலேயே நின்றுவிடுகின்றன. களவே போகாத ஆயிரக்கணக்கான மூர்த்திகளும், சிறு கோயில்களில் காவல் இல்லை என்ற காரணத்தால், திருவாரூர் முதலிய இடங்களில் அவ்வாறே வைக்கப்பட்டிருக்கின்றன. அதிகாரிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இரும்புக் கதவும் காவற்காரரும் இல்லாத கோயிலுக்கு அவர்கள் எப்படி அனுப்புவார்கள்?

ஆயினும், மீண்ட மூர்த்திகள் சொந்த ஊருக்கே போய்ச் சேர முடியும் என்பதற்கு ஆனந்தமங்கலம் என்ற ஊர் சான்று. ராஜகோபாலசுவாமி கோயிலிலிருந்து 1978 நவம்பரில் களவு போன ராமர், சீதை, லக்ஷ்மணர் திருமேனிகள், 1958இல் பிரெஞ்சு நிறுவனத்தார் எடுத்திருந்த படங்களால் லண்டனில் அடையாளம் காணப்பட்டு, 2020 செப்டம்பரில் அங்கே இந்தியத் தூதரிடம் ஒப்படைக்கப்பட்டு, நவம்பர் 18ஆம் தேதி டில்லித் தொல்லியல் துறைத் தலைமையகத்தில் தமிழக அதிகாரிகளிடம் வந்து, அந்த மாதமே ஆனந்தமங்கலம் சென்று சேர்ந்தன. களவு நடந்து 42 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் சொந்த ஊர்க் கோயிலுக்கு அடுத்த முறை போகும்போது, அர்ச்சகரிடமும் நிர்வாகத்தாரிடமும் அனுமதி பெற்று, ஒவ்வொரு மூர்த்தியையும் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் படமெடுங்கள். உயரத்தையும், பீடத்தில் எழுத்து இருந்தால் அதையும், ஒடிந்த இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதியைக் கோயிலிலும் ஒரு பிரதியை அறநிலையத் துறை அலுவலகத்திலும் கொடுங்கள். அவற்றை விலாசத்தோடு பகிரங்கமாக வெளியிட வேண்டாம். உங்கள் ஊர்த் திருமேனி பாதுகாப்பு மையத்தில் இருந்தால், கோயிலுக்குக் கதவும் காவலும் அமைக்க ஊர் கூடிப் பொருள் சேர்த்து, பிறகு எழுத்து மூலமாகக் கேளுங்கள். டில்லியில் குடியேறி, சரோஜினி நகரிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் புதிதாகக் கோயில் எழுப்பிய நம்மவர்களால், விட்டு வந்த ஊரில் விளக்கில்லாமல் கிடக்கும் கோயிலுக்கும் ஒரு காவற்காரரின் சம்பளத்தை அனுப்ப முடியும்.